சாம்பாரை அடுப்பில் கொட்டியவள்

குமார், ஒரே வீட்டில் இருந்துகொண்டு பெற்ற பிள்ளைக்குக் கடிதம் எழுதுகிறாளே என்று உனக்குச் சிரிப்பு வரும். சிரித்துவிட்டுப் படி. வாயால் சொல்லத்தான் பார்த்தேன். நான் ‘பாரிவாக்கம்’ என்று ஆரம்பித்தாலே நீ செருப்பை மாட்டிக்கொள்கிறாய், உன் அப்பா டிவி சத்தத்தைக் கூட்டுகிறார். காகிதத்தில் எழுதினால் யாரும் நடுவில் ‘சரி உட்டுடும்மா’ என்று சொல்ல முடியாதே, அதற்காகத்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை ஆவடியில் மண்டபத்துக்குப் பாக்கிப் பணம் கட்டிவிட்டு வந்த அப்பா, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: “குமாரு ஒண்ணு சொல்லச் சொன்னான். கல்யாணத்தன்னிக்கி நீ சமையல்கட்டுப் பக்கம் போவாத. முன்னால சேர் போட்டு உக்காந்துக்க. அந்தக் கத பொண்ணு ஊட்டு வரைக்கும் போயிருக்குது. அவுங்க பெரியம்மா கேக்கறாங்களாம், சம்மந்தியம்மா வர்ற கல்யாணத்துல சோறு கெடைக்குமான்னு.” சொல்லிவிட்டு அவரும் சிரித்தார். குழம்பைத் தாளித்து இறக்கினேன். அப்பா தானாகச் சொல்லியிருந்தால் பழகிப்போனது என்று விட்டிருப்பேன். சொல்லச் சொன்னது நீ. அதுதான் தாங்கவில்லை.

ஏன் தாங்கவில்லை என்றால், உனக்குத் தெரியும். இந்த வீட்டில் அதைத் தெரிந்த ஒரே ஆள் நீதான். பிளாஸ்டிக் படிப்பு படித்து, அம்பத்தூர் எஸ்டேட்டில் பைப் கம்பெனி வேலைக்குப் போகிறவன். ஆறேழு மாதம் முன்னால் உன்னோடு வேலை செய்கிற பையன் ஒருவனைச் சாப்பிடக் கூட்டி வந்தாய். புதிதாகச் சேர்ந்தவன். நான் தோசை வார்த்துப் போட்டுக்கொண்டிருந்தேன். நீ அவனுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாய். பி.வி.சி. மாவாக வருவதற்கு முன்னால் அது ஒரு வாயு, அதன் பெயர் வினைல் குளோரைடு, அழுத்தித் திரவமாக்கித்தான் டேங்கரில் கொண்டுபோவார்கள், வெளியே வந்தால் காற்றைவிடக் கனம், பள்ளம் பார்த்து இறங்கித் தரையோடு போகும், லேசான இனிப்பு வாசனை, தோலில் பட்டால் ஐஸ் மாதிரி உறைந்து வெளுத்துவிடும், மூச்சில் இழுத்தால் குடித்தவன் மாதிரி உடம்பு தள்ளாடும், எங்கோ ஒரு நெருப்பைத் தொட்டால் வந்த வழியெல்லாம் பற்றிக்கொண்டு திரும்பும். ஒன்று விடாமல் சொன்னாய். தோசைத் திருப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். என் வாழ்நாளில் அந்த ஒரு காலையை இவ்வளவு சரியாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. “இதாண்டா! அன்னிக்கி பாரிவாக்கத்துல வந்தது இதாண்டா!” என்று கத்திவிட்டேன். நீ என்ன சொன்னாய்? “அம்மா, ப்ளீஸ்.” அந்தப் பையன் தட்டைப் பார்த்தான். அத்தோடு பேச்சு முடிந்தது.

உனக்கு அப்போது பத்து வயது. அன்றைக்குச் சாப்பிட்ட பன்னும் வாழைப்பழமும்தான் உனக்கு நினைவிருக்கிறது. மிச்சத்தை மற்றவர்கள் சிரிப்பதற்காகச் சொன்னதிலிருந்து தெரிந்துகொண்டாய். நடந்ததை நான் சொல்கிறேன்.

உன் அத்தை விஜயாவின் கல்யாணம். பாரிவாக்கம் வீட்டுக்கு முன்னால் பந்தல். வீட்டுக்குப் பின்னால் ஏரிப் பக்கம் பள்ளத்தில் கீற்றுக்கொட்டகை போட்டுச் சமையல். முந்நூறு பேருக்கு இலை போடுவதாக ஏற்பாடு. சமையல் தணிகாசலம்; அந்தப் பக்கத்தில் எந்தக் கல்யாணமானாலும் அவர்தான். மண்ணைத் தோண்டி மூன்று பெரிய அடுப்பு. ஒன்றில் சோறு, ஒன்றில் கூட்டு, ஒன்றில் வடைக்கு எண்ணெய். சாம்பார் முடிந்து, பரிமாறுகிற வாளிகளில் மொண்டு வரிசையாக வைத்திருந்தார்கள். பெரிய டிரம்மில் மோர். தண்ணீர் மட்டும் இல்லை. வர வேண்டிய தண்ணி லாரி வரவில்லை. கிணற்றில் இறைத்ததெல்லாம் அரிசி கழுவவே சரியாகப் போயிற்று. காலை எட்டு மணி இருக்கும். மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஐயர் மணவறையில் அக்கினி வளர்த்துவிட்டார்.

அப்போதுதான் அந்த ஆள் வந்தான். காக்கிச் சட்டை, காலில் செருப்பு இல்லை. கால் ஒரு பக்கம் போக உடம்பு ஒரு பக்கம் போக, கொட்டகைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். நாக்கு குழறியது. “அடுப்பு... அடுப்ப அணைங்க... லாரி சாஞ்சிருச்சுங்க... தண்ணி மாதிரி வருமுங்க... பள்ளத்துக்கு வந்துருமுங்க...” அவ்வளவுதான் கோவையாக வந்தது. அங்கே நின்றிருந்த இளவட்டங்களுக்கு ‘தண்ணி’ என்ற சொல் போதுமானதாக இருந்தது. “தண்ணி போட்டவன் தண்ணியப் பத்தித்தான் பேசுவான்! இன்னாபா அண்ணாத்த, காலங்காத்தாலயேவா?” என்று ஒருவன் அவன் தோளைப் பிடித்துத் தள்ளினான். இன்னொருவன் சட்டையைப் பிடித்து வாசல் பக்கம் இழுத்தான். அவன் விழுந்தான், எழுந்தான், மறுபடியும் “அடுப்பு, அடுப்பு” என்றான்.

குடித்தவன் எப்படி இருப்பான் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. என் அப்பா குடித்துக் குடித்தே போனவர். அந்த வாடையில்தான் நான் வளர்ந்தேன். விழுந்தவனைத் தூக்கிவிடப் போனேன். அவன் மேல் சாராய வாடை இல்லை. வேறு ஒரு வாசனை இருந்தது, லேசாக இனிப்பாக, அழுகப்போகிற பழமும் பெயிண்ட் டப்பாவும் கலந்த மாதிரி. கையைப் பிடித்தால் ஐஸ் மாதிரி இருந்தது. உள்ளங்கையில் தோல் வெள்ளை வெள்ளையாகச் செத்துப்போயிருந்தது. சித்திரை மாத வெயிலில் ஒரு மனிதனுடைய கை எப்படி அப்படி ஆகும்? “எங்கய்யா லாரி?” என்றேன். ரோடு திரும்புகிற இடத்தைக் காட்டினான். ரோடு மேட்டில் இருக்கிறது, நாங்கள் கீழே. மரங்கள் மறைத்ததால் லாரி தெரியவில்லை.

நேராக உன் அப்பாவிடம் ஓடினேன். அவர் வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நின்றிருந்தார். “இன்னாங்க, ஒரு நிமிசம். லாரி ஒண்ணு கவுந்துகீதாம். அந்தத் திருப்பம் வரைக்கும் போய்ப் பாத்துட்டு வாங்க, அவ்ளோதான்” என்றேன். அடுப்பை அணை என்றுகூட அவரிடம் நான் கேட்கவில்லை. போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னேன். “இன்னாமே நீ? மாப்ள ஊட்டுக்காரங்க வந்துகினு கீறாங்க, குடிகாரன் பேச்சக் கேட்டுகினு வந்து நிக்கிற! உள்ள போ!” என்றார். தணிகாசலத்திடம் போனேன். அவர் கரண்டியைக் கீழே வைக்காமலே பேசினார். “கற்பூரம் ஏத்தி மூட்டுன அடுப்பும்மா இது. பந்தி முடியாம அணைக்கறது கல்யாண ஊட்டுக்கு ஆவாது. நீ போய் பூ கட்டு.”

அதற்குள் அந்த வாசனை கொட்டகைக்கு வந்துவிட்டது. முதலில் அவன் சட்டையில் மட்டும் இருந்தது, இப்போது காற்றில் இருந்தது. கூட்டு வாசனை, எண்ணெய் வாசனை எல்லாவற்றுக்கும் அடியில் அது இருந்தது. குனிந்தால் அதிகம், நிமிர்ந்தால் குறைவு. அப்போது எனக்கு அந்த வாயுவின் பெயரும் தெரியாது, குணமும் தெரியாது. ஒருத்தன் உடம்பு இப்படிக் கெட்ட நிலையிலும் தன்னைப் பார்த்துக்கொள்ளாமல் நம் அடுப்பைத் தேடி ஓடி வந்திருக்கிறான், அது ஒன்றுதான் தெரிந்தது. போபால் நடந்து ரொம்ப நாள் ஆகவில்லை. கொட்டகைக்கு வெளியே நீங்களெல்லாம் விளையாடிக்கொண்டிருந்தீர்கள்.

டிரம்மிலிருந்த மோரை வாளியால் மொண்டு சோற்று அடுப்பில் ஊற்றினேன். ஒரு வாளி, இன்னொரு வாளி, அணைகிற வரைக்கும். சாம்பலும் நீராவியுமாக மூஞ்சியில் அடித்தது. தணிகாசலம் பிடிக்க வருவதற்குள் சாம்பார் வாளிகளை எடுத்து அடுத்த அடுப்பில் கவிழ்த்தேன். எண்ணெய் அடுப்பில் ஈரம் பட்டால் தெறிக்கும் என்று எனக்கும் தெரியும். எரிகிற கட்டைகளை வெளியே இழுத்துப்போட்டு, தாம்பாளத்தால் மண்ணை வாரி வாரிக் கொட்டினேன். என் கெண்டைக்காலில் இருக்கிறதே ஒரு தழும்பு, அது அப்போது பட்ட கட்டைதான். ‘ஐயோ, ஐயோ’ என்று எல்லாரும் கத்தினார்களே தவிர, கொதிக்கிற வாளியோடு நிற்கிற பொம்பளை கிட்டே யாரும் வரவில்லை.

பிறகு கடைசி வாளி மோரோடு பந்தலுக்குள் போனேன். மேளக்காரர் வாசித்துக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்து நிறுத்திவிட்டார். விஜயா மணையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். அக்கினியில் மோரைக் கொட்டினேன். குத்துவிளக்குத் திரிகளை விரலால் நசுக்கினேன். தாலி கட்டாத மணவறையில் அக்கினியை அணைப்பது என்றால் என்னவென்று எனக்குத் தெரியாதா, குமார்? தெரிந்துதான் செய்தேன். என் மாமியார் தலையில் அடித்துக்கொண்டு, “அடிப்பாவி, எம் பொண்ணு வாழ்க்கையில மண்ண வாரிப் போட்டுட்டியேடி!” என்று அலறினார். உன் அப்பா ஓடி வந்து, அத்தனை பேர் முன்னால், என்னைக் கன்னத்தில் அறைந்தார். இது உனக்கு யாரும் சொல்லாத பகுதி. கதையில் சாம்பார் வரும், மோர் வரும், இந்த அறை வராது.

கொஞ்ச நேரத்தில் போலீஸ் ஜீப் வந்தது. கேஸ் லாரி கவிழ்ந்து கசிகிறது, யாரும் தீக்குச்சி கிழிக்க வேண்டாம், எல்லாரும் பூந்தமல்லிப் பக்கம் போங்கள் என்று மைக்கில் சொன்னார்கள். சனமெல்லாம் பட்டுப்புடவையோடு ஓடியது. மதியம் காற்று மாறியதும் அந்த வாசனையெல்லாம் கலைந்துபோயிற்று. சாயங்காலம் பூந்தமல்லியில் ஒரு கோயிலில் வைத்துத் தாலி கட்டினார்கள். உங்களுக்கெல்லாம் கடையில் பன் வாங்கிக் கொடுத்தோம்.

ஜீப் வந்த பிறகாவது நான் சொன்னது சரிதான் என்று ஒருத்தர் சொல்வார் என்று நினைத்தேன். நான் எவ்வளவு பெரிய முட்டாள்! “அதான் போலீசே வந்துச்சே, அவுங்க சொன்னா நாங்களே அணைச்சிருப்போமே, நீ இன்னாத்துக்கு சாம்பாரக் கொட்டுன?” என்றார்கள். “ஒண்ணும் ஆவல இல்ல?” என்றார்கள். இந்தக் கேள்விக்கு மட்டும் இத்தனை வருஷமாக நான் பதில் சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றிப்போனேன். நெருப்பு இல்லாததால்தானே ஒன்றும் ஆகவில்லை? வெடித்திருந்தால் நான் சொன்னது உண்மை என்று ஆகியிருக்கும். அதைச் சொல்ல ஆள்தான் மிஞ்சியிருக்காது. ஒரு கெடுதலைத் தடுத்தவளுக்குக் காட்டுவதற்குக் கையில் ஒன்றுமே இருக்காது, குமார். கொட்டிப்போன சாம்பார் மட்டும்தான் எல்லார் கண்ணுக்கும் தெரியும்.

மறுநாள் பேப்பரில் சின்னதாகச் செய்தி வந்தது. அதில்தான் வினைல் குளோரைடு என்ற பெயரை முதன்முதலில் படித்தேன். அதன் கீழேயே, டிரைவர் குடிபோதையில் இருந்ததால் விபத்து என்று போட்டிருந்தார்கள். அவன் குடிக்கவில்லை என்று அவன் மூச்சை மோந்து பார்த்த ஆள் நான் ஒருத்திதான். ஸ்டேஷனுக்குத் தனியாகப் போனேன். அங்கே மேஜையில் இருந்தவர் நான் சொன்னதைப் பாதி கேட்டார். “நீதான் அந்தச் சாம்பார் ஊத்துன அம்மாவா?” என்று சிரித்தார். “ஊட்டுக்காரரக் கூட்டிகினு வா, எழுதிக்கலாம்” என்றார். உன் அப்பா வரவில்லை. “ஊர் சிரிச்சது போதாதா, கோர்ட்டுல வேற போய் நிக்கணுமா?” என்றார். மறுபடியும் நான் மட்டும் போனேன். அந்த ஆளை அங்கிருந்து கொண்டுபோய்விட்டார்கள், எங்கே என்று சொல்லமாட்டோம் என்றார்கள். அவன் பெயரைக்கூட எனக்குச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு எந்த விசேஷத்துக்குப் போனாலும், “சாம்பார நவுத்தி வையி, குமாரு அம்மா வர்றாங்க” என்பதுதான். உன் மாமன் பிள்ளைக்குக் காது குத்தியபோது, அவர்கள் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில், எல்லா இடத்திலும். விஜயாவுக்கு முதல் பிள்ளை தங்காமல் போனபோது யாரும் சிரிக்கவில்லை. அப்போது என்னைப் பார்த்த பார்வைக்கு அந்தச் சிரிப்பே தேவலாம். அக்கினியை அணைத்தவள் என்று என் மாமியார் கண்ணை மூடுகிற வரைக்கும் என் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை.

இப்போது, நீ கேட்காத இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். போன வாரம் உன் கல்யாணப் பத்திரிகையை வைக்கக் கள்ளிக்குப்பத்தில் விஜயா வீட்டுக்குப் போனேன் இல்லையா? அவள் வீட்டுக்காரர் இல்லை. பத்திரிகையை மடியில் வைத்துக்கொண்டு அதன் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: “அண்ணி, எனக்கும் அந்த வாசன வந்துச்சு. நீ பந்தலுக்கு வர்றதுக்கு முன்னாலயே. மணையில குந்திகினு இருக்கச்சொல்லோ தல கிர்ருன்னு சுத்துச்சு. அந்தாளு கத்தனதும் காதுல உழுந்துச்சு. நான் வாயத் தொறந்தா கல்யாணம் நின்னுடும்னு கம்முனு இருந்துட்டேன்.”

“அப்பறம்? அப்பறமாவது சொல்லியிருக்கலாமேடி?” என்றேன்.

“அம்மா உன்ன வெய்யச்சொல்லோ சொல்லலாம்னு நெனச்சேன். அப்ப என்னையும் சேத்து வெய்யுமே. அப்பறம் நாளாயிடுச்சு. இப்ப குமாருக்குக் கல்யாணம், மனசு கேக்கல. ஆனா அண்ணி, அண்ணனாண்ட சொல்லாத. இவருக்கும் தெரிய வேணாம்.”

இத்தனை வருஷமும், யாராவது ஒருத்தர் ‘ஆமாம், எனக்கும் வாசனை வந்தது’ என்று சொல்லமாட்டார்களா என்று ஏங்கியிருக்கிறேன். அப்படிச் சொன்னால் மனசு ஆறிவிடும் என்று நினைத்திருந்தேன். ஆறவில்லை. எரிந்தது. அவளுக்குப் பிள்ளை தங்காதபோது அத்தனை பேரும் என்னைப் பார்த்த பார்வையை அவளும் பார்த்துக்கொண்டுதானே படுத்திருந்தாள்? சொல்லமாட்டேன் என்று நான் அவளுக்கு வாக்குக் கொடுக்கவில்லை. அவள் போட்ட காப்பியையும் குடிக்கவில்லை. எழுந்து வந்துவிட்டேன். வரும்போது பஸ்ஸில் யோசித்தேன். அவளுக்கு அப்போது பத்தொன்பது வயது. மணையில் உட்கார்ந்திருக்கிற பெண் ‘தலை சுற்றுகிறது’ என்று சொன்னால் நம் வீட்டில் யார் கேட்டிருப்பார்கள்? சொன்ன எனக்கு என்ன கிடைத்தது என்று அவள் கண்ணால் பார்த்தாளே. அவள் மேல் இருக்கும் கோபம் போகவில்லை; ஆனால் அது அவளோடு நிற்கவும் மாட்டேன் என்கிறது.

கல்யாணம் ஆகப்போகிறவனுக்கு அம்மா புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. உன் பெண்டாட்டி ஒருநாள் உன்னிடம் ஓடி வந்து ஏதாவது ஒன்றைப் போய்ப் பார்த்துவிட்டு வா என்று சொன்னால், போய்ப் பார். அவள் பயந்தது வீணாகவே இருக்கட்டும். திருப்பம் வரைக்கும் நடந்துவிட்டு வருவதால் உனக்கு ஒன்றும் குறையாது. அப்பா அன்றைக்கு அந்தத் தூரம் நடந்திருந்தால், அடுப்பை அவரே அணைத்திருப்பார். சாம்பாரும் கொட்டியிருக்காது, அவர் கையும் என் கன்னத்தில் பட்டிருக்காது. அவர் கெட்டவர் இல்லை. அது எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். அதனால்தான் இது இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

நேற்று நான் ஒரு காரியம் செய்தேன். உன்னைக் கேட்காமல் ஆவடிக்குப் போனேன், குவார்ட்டர்ஸுக்கு, பெண் வீட்டுக்கு. பெரியம்மாவும் இருந்தார்கள். “சோறு கெடைக்குமான்னு கேட்டீங்களாமே, அந்தக் கதைய நானே சொல்றேன்” என்று உட்கார்ந்து, முதலிலிருந்து சொன்னேன். அந்த அறையையும் சொன்னேன். விஜயா சொன்னதை மட்டும் சொல்லவில்லை. அது உன்னோடு இருக்கட்டும். பெரியம்மா நடுவில் இரண்டு தடவை சிரிக்கப் பார்த்தார்கள், பிறகு சிரிக்கவில்லை. முடித்ததும், “நல்லகாலம், ஒண்ணும் ஆவல” என்றார்கள். நான் எழுந்துகொண்டேன்.

உன் மாலதி உள் அறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூட வந்தாள். பஸ் வருகிற நேரத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “அந்த டிரைவருக்கு அப்பறம் இன்னா ஆச்சு அத்த?” என்று கேட்டாள்.

எனக்குத் தெரியாதும்மா என்றேன். பஸ்ஸில் ஏறி, அம்பத்தூர் வருகிற வரைக்கும் அழுதுகொண்டே வந்தேன். நம் குடும்பத்தில் இத்தனை வருஷத்தில் ஒருத்தர்கூட அதைக் கேட்டதில்லை, குமார். நீகூட.

அம்மா